கம்பெனி வக்கீல், கதையும் எழுதுகிறவள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரிகளுக்கோ நூலகக் கூட்டங்களுக்கோ பேசப் போனால், கடைசிக் கால்மணி நேரத்தைக் கேள்விகளுக்கு விடுவார்கள். பத்து வருஷமாக ஏறக்குறைய அதே கேள்விகள்தான். நின்றுகொண்டு சொல்லும்போது பாதி மறந்துவிடுகிறது, மீதியை மைக் விழுங்கிவிடுகிறது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

வக்கீல் என்கிறீர்கள், கோர்ட் பக்கம் உங்களைப் பார்த்ததே இல்லையே?

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவும் இதைத்தான் இருபது வருஷமாகக் கேட்கிறது. தெருவைப் பொறுத்தவரை கறுப்பு கோட்டு மாட்டி, ஃபைல் கட்டோடு வாய்தாவுக்கு ஓடுகிறவர்தான் வக்கீல்.

என் வேலை பெரும்பாலும் மேஜையிலேயே முடிந்துவிடும். ஒரு கம்பெனியை இன்னொன்று வாங்குகிறது, இரண்டு பேர் சேர்ந்து புதிதாக ஒன்று தொடங்குகிறார்கள், வெளியிலிருந்து ஒருவர் பணம் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வாயால் பேசி முடித்ததைப் பின்னால் யாரும் மாற்றிப் பேச முடியாதபடி எழுதித் தர வேண்டும். எழுதுவதற்கு முன்னால் அந்தக் கம்பெனியின் பழைய காகிதங்களைத் தோண்டி, எங்கே என்ன புதைந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இந்தத் தோண்டலுக்கு டியூ டிலிஜென்ஸ் என்று பெயர். வீடு வாங்கும்போது மூலப்பத்திரம், வில்லங்கம், பட்டா எல்லாம் பார்க்கிறோமே, அதையே ஒரு கம்பெனிக்குப் பார்ப்பது.

எதிர்வீட்டு அக்காவிடம் இதை ஒருநாள் பொறுமையாக விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ நீ பத்திரம் எழுதறவ, வக்கீல் இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார். நான் மேல்முறையீடு செய்யவில்லை.

இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. 2016 ஜூன் 1 முதல் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் நடக்கிறது. அதன் சென்னை அமர்வு ராஜாஜி சாலையில், பீச் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். கறுப்பு கோட்டோடு அங்கே போகிறேன். அக்கா இன்னும் பார்க்கவில்லை.

வடசென்னையிலிருந்து ஒரு கார்ப்பரேட் வக்கீலா?

கேட்கிறவர் பாராட்டாகத்தான் கேட்கிறார், தெரியும். கேள்விதான் தலைகீழாக நிற்கிறது.

இந்த ஊரே ஒரு கம்பெனி போட்ட ஊர். 1600-இல் லண்டனில் சாசனம் வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி 1639-இல் இங்கே மணலில் ஒரு துண்டு நிலம் வாங்கியது. கோட்டைக்கு வடக்கே நெசவாளரும் வியாபாரியும் வெள்ளைக்காரருக்கு மொழிபெயர்த்த துபாஷியும் கூலியாளும் குடியேறிய இடத்துக்குக் கறுப்பர் நகரம் என்று பேர் வைத்தார்கள். அதன் பாதுகாப்புக்குச் சுவர் எழுப்பினார்கள், அந்தச் செலவுக்கு ஊர்க்காரர்களிடமே வரி கேட்டார்கள். வால்டாக்ஸ் ரோடு என்று இன்றைக்கும் ஆட்டோக்காரரிடம் சொல்கிறோமே, அது அந்தச் சுவர் வரிதான்.

நான் தினமும் இறங்கிய பாரிமுனைக்குப் பேர் தந்தது ஒரு கம்பெனி. தாமஸ் பாரி என்கிற வெள்ளைக்காரர் 1788-இல் மதராஸ் வந்து கடை விரித்தார், அவர் கடை இருந்த மூலை பாரிஸ் கார்னர் ஆயிற்று. மெட்ரோ 2021-இல் திருவொற்றியூரைத் தாண்டிப் போய் நின்ற இடம் விம்கோ நகர். விம்கோ என்றால் வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, அதாவது தீப்பெட்டி. ஒரு பக்கம் பாரியின் சர்க்கரைக் கம்பெனி, ஒரு பக்கம் தீப்பெட்டிக் கம்பெனி, நடுவில் நாங்கள்.

எங்களுக்குக் கம்பெனி என்பது ஒரு சங்குச் சத்தம். ஷிஃப்ட் மாறுகிற நேரம், போனஸ் பேச்சு, பி.எஃப். சீட்டு, பூட்டிய கேட். கேட்டுக்கு வெளியே தெரிகிற எல்லாமே எங்களுக்கு அத்துப்படி. உள்ளே அலமாரியில் இருக்கிற காகிதத்தைத்தான் யாரும் காட்டவில்லை. நான் போனது அந்தக் காகிதத்தைப் பார்க்க.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பெரம்பூர்ப் பக்கம் பின்னி மில்லில் 1920-இல் கதவடைப்பு நடந்தபோது, தொழிலாளர் சங்கத் தலைவர் பி.பி. வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் கம்பெனி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடை வாங்கியது. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. சங்கம் வைத்தால் நஷ்ட ஈடு கட்டவேண்டுமா என்று நாடு முழுக்கப் பேச்சு கிளம்பி, கடைசியில் 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. இதைச் சட்டக் கல்லூரியில் தொழிலாளர் சட்ட வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு அது கம்பெனி சட்டமாகவும் பட்டது, எங்கள் ஏரியா கதையாகவும் பட்டது.

எதற்காகச் சட்டம் படித்தீர்கள்?

இரண்டு நோட்டுகளால்.

ஒன்று அம்மாவின் சீட்டு நோட்டு. 20 பேர், மாசம் 500 ரூபாய், 10,000 ரூபாய் ஏலச்சீட்டு. மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏலம் நடக்கும். யாருக்கு அவசரமோ அவர் சீட்டுத் தொகையில் அதிகமாகத் தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து, எடுப்பார். தள்ளிய பணம் எல்லோருக்கும் பிரியும். அம்மா எட்டாவது வரை படித்தவர். ஆனால் அந்த நோட்டில் யார் எந்த மாசம் எடுத்தார், எவ்வளவு தள்ளினார், யார் ஜாமீன், எத்தனை தவணை பாக்கி, எல்லாம் நாலு கோட்டுக்குள் இருக்கும். யாராவது தகராறு செய்தால் அம்மா பேசமாட்டார், நோட்டைத் திறந்து எதிரில் வைப்பார். எழுதிய காகிதத்துக்கு இருக்கிற பலத்தை முதலில் பார்த்தது அங்கேதான். (சட்டப்படி சீட்டைப் பதிவு செய்யவேண்டும், 1982-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. பி.எல். மூன்றாவது வருஷம் இதை அம்மாவிடம் சொன்னேன். "அரசாங்கம் வந்து ஜாமீன் நிக்குமா?" என்றார்.)

இன்னொன்று அப்பாவின் நோட்டு. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அப்பா 22 வருஷம் வேலை பார்த்தார். 1997-இல் ஒருநாள் காலை ஷிஃப்டுக்குப் போனவர் எட்டரை மணிக்கே திரும்பிவிட்டார். கேட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள், ஆங்கிலத்தில். அதைப் படிக்கச் சொல்லி எனக்காக ஒரு நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டு வந்திருந்தார். அச்சு எழுத்தைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக வரைந்த எழுத்து. நான் பதினோராவது, தமிழ் மீடியம். அகராதியை வைத்துக்கொண்டு ராத்திரி வரை உட்கார்ந்தேன். எல்லா வார்த்தைக்கும் அர்த்தம் கிடைத்தது, மொத்தத்தில் என்ன சொல்கிறார்கள் என்று மட்டும் புரியவில்லை. அடுத்த வருஷம் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டேன்.

எங்கே படித்தீர்கள்? ஆங்கிலம் எப்படிச் சமாளித்தீர்கள்?

உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டிய டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி. 1891-இல் தொடங்கியது. தண்டையார்பேட்டையில் ரயில் ஏறினால் கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டை, ராயபுரம், அப்புறம் பீச். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் சட்டம் படித்ததற்கு அந்த ரயிலும் ஒரு காரணம். 2018-இல் கல்லூரியைப் புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் பிரித்துக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது காசிமேட்டுப் பிள்ளை ஒன்று சட்டம் படிக்க வேண்டுமானால் விடியற்காலையில் கிளம்பவேண்டும்.

ஆங்கிலம் கஷ்டம்தான். வகுப்பில் ஒரு வழக்கு நடத்தினார்கள், கம்பெனி சட்டம் படிக்கிற எவரும் தாண்டிப் போகமுடியாத வழக்கு. சாலமன் என்று லண்டனில் பூட்ஸ் தைக்கிறவர். தன் கடையை ஒரு கம்பெனியாக்கி, மொத்தம் 20,007 பங்கில் 20,001 பங்கைத் தானே வைத்துக்கொண்டு, மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். கம்பெனி நொடித்தபோது, கடனெல்லாம் கம்பெனியுடையது, சாலமன் வேறு ஆள், அவரைத் தொட முடியாது என்று, அன்றைக்கு இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது. 1897-ஆம் வருஷத்துத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது.

புத்தகத்தில் படித்தபோது புரியவில்லை. புரிந்தது காசிமேட்டில். என்னோடு பள்ளியில் படித்தவளின் அப்பா நாலு பேரோடு சேர்ந்து விசைப்படகில் பங்கு வைத்திருந்தார். கடலிலிருந்து வந்து மீனை ஏலம் விட்டதும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிப்பார்கள். மிச்சத்தில் படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். பங்கு என்றால் என்ன என்பது அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு புயலில் படகு போயிற்று. படகு போன பிறகும் கடன் போகவில்லை. கடன் கொடுத்தவர் நாலு வீட்டுக்கும் வந்து உட்கார்ந்தார். சாலமன் வீட்டுக்கு மட்டும் யாரும் வந்து உட்காரவில்லை. ஏனென்றால் அவர் கடன் வாங்குவதற்கு முன்னால் ஒரு காகிதத்தைப் பதிவு செய்திருந்தார்.

அந்தக் காகிதத்தின் மேல் எனக்குக் கோபமும் வந்தது, ஆசையும் வந்தது. இரண்டும் இன்னும் போகவில்லை.

ஜூனியராக இருந்தபோது எவ்வளவு சம்பளம்?

சம்பளம் என்று சொல்லக்கூடாது, சீனியர் பார்த்துக் கொடுப்பது. தம்புச் செட்டி தெருவில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. 2003-இல் சேர்ந்தேன். முதல் ஆறு மாசம் ரயில் பாஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சரியாகப் போயிற்று. சாயங்காலம் பீச் ஸ்டேஷன் எதிரே பர்மாக்காரர் கடையில் ஒரு பிளேட் அத்தோ சாப்பிட்டால் அந்த வாரக் கணக்கு இடிக்கும்.

உங்கள் அப்பாவின் கம்பெனி பற்றிய கதை உண்மையில் நடந்ததா?

என் முதல் தொகுப்பில், மகள் தன் அப்பா வேலை பார்த்த கம்பெனியின் கணக்கைப் போய்ப் பார்ப்பதாக ஒரு கதை உண்டு. அதைப் படித்தவர்கள் கேட்பது. நடந்தது.

2004-இல் சீனியர் வேறொரு கம்பெனியின் ஃபைலைப் பார்த்து வரச்சொல்லி என்னை ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவனுக்கு அனுப்பினார். கம்பெனிப் பதிவாளர் அலுவலகம் அங்கேதான். எந்தக் கம்பெனியும் வருஷா வருஷம் தன் கணக்கை அங்கே தாக்கல் செய்யவேண்டும். கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். யார் வேண்டுமானாலும்! 22 வருஷம் அந்த கேட்டுக்குள் போய்வந்த மனிதர்களில் ஒருவருக்குக்கூட இது தெரியாது. சீனியர் வேலை முடிந்ததும் இன்னொரு விண்ணப்பத்தில் அப்பாவின் கம்பெனி பேரை எழுதிக் கொடுத்தேன். கை நடுங்கியது, ஏதோ திருடப் போகிறவள்போல.

ஃபைல் வந்தது. நாடா கட்டிய பழுப்பு ஃபைல், உள்ளே ஓரம் தின்றுபோன தாள்கள். கடைசியாகத் தாக்கல் செய்த கணக்கை எடுத்தேன். லாப நஷ்டம், சொத்து, கடன் எல்லாம் முடிந்து, கடைசிப் பக்கங்களில் குறிப்புகள் இருக்கும். பொடி எழுத்தில் அங்கே ஒரு தலைப்பு. தமிழில் சொன்னால் இப்படி வரும்: "கம்பெனிக்கு எதிரான, கடனாக ஒப்புக்கொள்ளப்படாத கோரிக்கைகள்." அதன் கீழே வரி வழக்குக்கு ஒரு தொகை, ஒரு சப்ளையருக்கு ஒரு தொகை. மூன்றாவதாகத் தொழிலாளர் விவகாரம் என்று ஒரு வரி, ஒரு தொகை.

அந்த ஒரு வரிதான் அப்பாவும் அவரோடு இருந்தவர்களும். தொழிலாளர் நீதிமன்றத்தில் அவர்கள் போட்டிருந்த வழக்கு. விரலால் அந்த வரியைத் தொட்டுக்கொண்டே மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன், ஆளுக்கு எவ்வளவு வரும் என்று.

வீட்டில் சொன்னேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ எங்களுக்குத் தரணும்னு அவங்க கணக்குலயே எழுதியிருக்காங்களா?"

"தரணும்னு இல்லப்பா. நீங்க கேக்கறீங்கன்னு எழுதியிருக்காங்க."

கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். "அதுவாவது எழுதியிருக்கானே" என்றார்.

2009-இல் சமரசம் ஆனது. கேட்டதில் பாதிக்கும் குறைவு. அந்தப் பணத்தில் அப்பா வீட்டுக்கு மாடிப்படி கட்டினார். அதுவரை ஏணி வைத்துத்தான் மொட்டைமாடிக்கு ஏறுவோம்.

இன்றைக்கு ஒரு கம்பெனி நொடித்தால் தொழிலாளிக்கு என்ன கிடைக்கும்?

இதைக் கேட்கிறவர்கள் மாணவர்கள் இல்லை, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற அப்பா அம்மாக்கள். அதனால் இதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாக.

2016-இல் திவால் சட்டம் ஒன்று வந்தது. கடன் கொடுத்தவரோ, சரக்குக் கொடுத்தவரோ, கம்பெனியே கூடவோ தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சம்பள பாக்கி உள்ள தொழிலாளிகளும் போகலாம், சங்கம் மூலமாகவும் போகலாம். முதலில் கம்பெனியை யாராவது எடுத்து நடத்துவார்களா என்று பார்ப்பார்கள். அதற்கு 180 நாள், நீட்டித்தால் இன்னும் 90, வழக்கு வம்பெல்லாம் சேர்த்து 330 நாளுக்குள் முடியவேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் பல வழக்குகள் இதைத் தாண்டி இழுக்கின்றன.

யாரும் எடுக்கவில்லை என்றால் சொத்தை விற்பார்கள். விற்ற பணம் யாருக்கு முதலில் என்பதற்கு வரிசை இருக்கிறது, 53-ஆம் பிரிவு. முதலில் இந்த நடவடிக்கைக்கே ஆன செலவு. அதற்கடுத்த படியில் இரண்டு பேர் சமமாக நிற்கிறார்கள்: தங்கள் அடமானத்தைப் பொதுவில் விட்டுக்கொடுத்த வங்கிகளும், கடைசி 24 மாச பாக்கிக்குத் தொழிலாளிகளும். தொழிலாளி அல்லாத ஊழியர்கள் அதற்குக் கீழே, 12 மாச பாக்கிக்கு. அரசாங்கத்துக்குச் சேரவேண்டியது இன்னும் கீழே. பங்கு வைத்திருப்பவர் எல்லோருக்கும் கடைசி.

பி.எஃப்., கிராஜுவிட்டி நிதிகளில் தொழிலாளிக்குச் சேரவேண்டிய பணம் இந்த வரிசைக்குள்ளேயே வராது, அது கம்பெனிச் சொத்தில் சேர்த்தி இல்லை. கேட்டில் தாள் ஒட்டியதைப் பார்த்து நிற்கிறவர் இதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். நோட்டீஸ் வந்ததும் பாக்கிக்கான கோரிக்கையைக் கெடுவுக்குள் தாக்கல் செய்யவேண்டும். சங்கத்தார் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடாதீர்கள், ரசீதைக் கண்ணால் பாருங்கள். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, பி.எஃப். எண் எதையும் தூக்கிப் போடாதீர்கள். பழைய பேப்பரோடு சம்பளச் சீட்டையும் கிலோ கணக்கில் போட்டுவிட்டு வந்த ஒருவருக்காக நான் ஆறு மாசம் அலைந்திருக்கிறேன்.

நடுவில் சன்னதை (வக்கீல் தொழில் நடத்தும் உரிமத்தை) நிறுத்தி வைத்திருந்தீர்களாமே, ஏதாவது பிரச்சினையா?

பிரச்சினை ஒன்றுமில்லை, விதி. முழுநேரச் சம்பளத்துக்கு ஓரிடத்தில் வேலைக்குப் போகிற வக்கீல் தொழில் நடத்தக்கூடாது என்று பார் கவுன்சில் விதி 49 சொல்கிறது. சட்ட அலுவலகங்களில் இளம் வக்கீல்களைச் சம்பளக்காரர் என்று சொல்லாமல் ரீட்டெய்னர், அதாவது மாசக் கட்டணம் வாங்குகிறவர், என்று வைத்திருப்பதன் சூட்சுமம் அதுதான். 2005 முதல் ஆறு வருஷம் நான் அப்படி ஓர் அலுவலகத்தில் இருந்தேன். 2011-இல் ஒரு தொழிற்சாலைக் கம்பெனியின் சட்டப் பிரிவில் சேர்ந்தபோது அப்படி முடியாது, சன்னதை ஒப்படைத்து நிறுத்தி வைத்தேன். 2016-இல் வெளியே வந்து, தோழியோடு பாரிமுனைப் பக்கம் ஒரு சின்ன அலுவலகம் போட்டபோது திரும்ப எடுத்தேன்.

அந்த ஐந்து வருஷம் கவுன் டிரங்குப் பெட்டியில் அந்துருண்டையோடு கிடந்தது. வக்கீலும் தொழிலாளர் தலைவருமான சிங்காரவேலர் 1921-இல் தன் கவுனைப் பொதுக்கூட்டத்தில் கொளுத்தினார், வெள்ளைக்காரன் கோர்ட்டுக்கு இனிப் போகமாட்டேன் என்று. நான் மாசச் சம்பளத்துக்காக மடித்து வைத்தேன். ஒப்பிட்டுப் பார்த்தால் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வக்கீல் கதை எழுதலாமா? விதி தடுக்காதா?

தடுக்காது. வக்கீல் வேறு வியாபாரம் செய்யக்கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் விதி 51 பத்திரிகை எழுத்து, வானொலி, சொற்பொழிவு, பாடம் நடத்துவது இதையெல்லாம் அனுமதிக்கிறது. விளம்பரம்தான் கூடாது, அது விதி 36. அதனால்தான் என் புத்தகத்தின் பின்னட்டையில் வக்கீல் என்பதோடு நிறுத்திவிடச் சொன்னேன். அலுவலக முகவரி போட்டால் புத்தகமே விசிட்டிங் கார்டு ஆகிவிடும்.

கட்சிக்காரர்களின் கதையை எழுதுகிறீர்களா?

மாட்டேன். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக்கூடாது, வழக்கு முடிந்த பிறகும் கூடாது. 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில் இருந்தது, அதற்குப் பதில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்திலும் 132-ஆம் பிரிவாக இருக்கிறது. பேரை மாற்றி, ஊரை மாற்றி எழுதலாமே என்பார்கள். கம்பெனி உலகம் சின்ன உலகம். பேரை மாற்றினால் எதிராளிக்குத் தெரியாமல் போகாது, சிரித்துக்கொண்டே படிப்பார்.

இது சம்பந்தமாக என்னிடம் ஒரு அருமையான சம்பவம் இருக்கிறது. அதையும் சொல்ல முடியாது.

அப்படியானால் என்னதான் எழுதுகிறேன்? கையெழுத்து நடக்கிற அறைக்கு வெளியே உள்ளதை. ராத்திரி இரண்டு மணிக்கு ஏழாவது தடவை டீ கொண்டுவருகிற பையன். ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கமும் சரியாக வந்திருக்கிறதா என்று விரலை நக்கிக்கொண்டு எண்ணுகிற டைப்பிஸ்ட் அண்ணன். முதல் ரயிலுக்காக ஸ்டேஷன் பெஞ்சில் மடிக்கணினிப் பையைத் தலைக்கு வைத்துத் தூங்குகிற ஜூனியர் பெண். இவர்கள் யாரும் எனக்கு வக்காலத்து கொடுக்கவில்லை.

ஒப்பந்தம் எழுதுவது கதை எழுத உதவுகிறதா?

ஆங்கில ஒப்பந்தம் உதவவில்லை. தமிழ்க் கிரயப் பத்திரம் உதவியது.

ஜூனியராக இருந்தபோது பழைய பத்திரங்களைப் படித்துச் சுருக்கம் எழுதும் வேலை எனக்கு. "சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று வரும். வாய்விட்டுப் படித்தால் ஒரு தாளம் தட்டும். நாலைந்து பக்கத்துக்கு முற்றுப்புள்ளியே இருக்காது, ஆனாலும் அர்த்தம் கலையாது. அப்புறம் இப்படி ஒன்று: சொத்தில் வில்லங்கம் விவகாரம் எதுவும் இல்லை, பின்னிட்டு ஏதாவது ஏற்பட்டால் நானே முன்னின்று என் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுப்பேன். பெரிய சட்ட அலுவலகங்களில் இதையே வாரண்டி, இண்டெம்னிட்டி என்று பிரித்து 20 பக்கத்துக்கு எழுதுகிறோம், மணிக்கணக்குக்குப் பில் போடுகிறோம். பத்திர எழுத்தர் ஒரே மூச்சில் முடித்துவிட்டார். "நானே முன்னின்று" என்கிற இரண்டு வார்த்தையில் ஒரு ஆள் எழுந்து நிற்கிறான் பாருங்கள், அது ஆங்கிலப் படிவத்தில் எங்கே தேடினாலும் கிடைக்காது.

சட்டமும் தமிழும் ஒன்றுக்கொன்று புதுசும் இல்லை. 1879-இல் தமிழின் முதல் நாவலை அச்சிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்தவர், நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தந்தவர். தமிழ்ப் பேரகராதியைப் பதிப்பித்த வையாபுரிப் பிள்ளை வக்கீல். பழைய ஏடுகளை அச்சேற்றிய சி.வை. தாமோதரம் பிள்ளையும் பி.எல். படித்தவர்தான். ஏட்டைப் புரட்டி, எது மூலம், எது இடையில் சேர்த்தது என்று பார்ப்பதும் ஒருவகையில் டியூ டிலிஜென்ஸ்தானே.

எப்போது எழுதுவீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலை, மொட்டைமாடியில். அப்பா கட்டிய படி வழியாக ஏறிப் போவேன். தண்ணீர் லாரி வந்தால் இறங்கவேண்டும். மூன்று புத்தகத்திலும் தண்ணீர் லாரி வந்த இடங்களை என்னால் காட்டமுடியும்.

வடசென்னை என்றாலே ரவுடி, குத்துச்சண்டை, கானா என்றுதானே எழுதுகிறார்கள்? உங்கள் கதையில் அதெல்லாம் ஏன் இல்லை?

அதெல்லாம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அதை எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். பி.எஃப். அலுவலகத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிற வடசென்னையை எழுத ஆள் குறைவு.

பெண் என்பதால் இந்தத் தொழிலில் சிரமம் இருந்ததா?

இருந்தது. பேச்சுவார்த்தைக்குப் போனால், "மேடம், உங்க சீனியர் எப்ப வருவாரு?" என்று கேட்பார்கள். இப்போது நரை வந்துவிட்டது, கேட்பதில்லை.

நானும் இந்தத் துறைக்கு வரவேண்டும். என்ன செய்யவேண்டும்?

பிளஸ் டூ முடித்தால் ஐந்து வருஷப் படிப்பு, டிகிரி முடித்தால் மூன்று வருஷம். முடித்ததும் பார் கவுன்சிலில் பதிவு. பதிவுக் கட்டணம் பல மாநிலங்களில் பல ஆயிரமாக ஏறியிருந்தது. சட்டத்தில் சொன்ன 750 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறம் அகில இந்திய பார் தேர்வு.

இதெல்லாம் எல்லோரும் சொல்வது. நான் சொல்வது, கம்பெனி சட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். முதல் இரண்டு வருஷம் சிவில் கோர்ட்டில் கிடந்து, உடைந்துபோன ஒப்பந்தம் எப்படி இருக்கும் என்று பாருங்கள். சண்டைக்கு வந்த பத்திரத்தைப் பார்க்காதவர் சண்டை வராத பத்திரத்தை எழுதமுடியாது. பாலன்ஸ் ஷீட் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள். இப்போது சாஸ்திரி பவன் படியேற வேண்டாம், கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டினால் ஒரு கம்பெனியின் பொது ஆவணங்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம். உங்கள் வீட்டில் யாராவது வேலை பார்த்த கம்பெனியிலிருந்து ஆரம்பியுங்கள்.

என் வீட்டுப் பத்திரத்தைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லமுடியுமா?

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது கட்டாயம் ஒருவர் கேட்பார், பத்திரமும் கையோடு இருக்கும். பார்ப்பேன். எதிர்வீட்டு அக்கா சொன்னது சரிதானே.

உங்கள் அம்மா உங்கள் கதைகளைப் படிப்பாரா?

ஒன்றே ஒன்று படித்தார், சீட்டுக் கதை. அதில் ஏலம் 2,400 ரூபாய்க்குத் தள்ளிப் போகும். நான் 2019 திருத்தத்துக்கு முன்னால் சட்டத்தில் இருந்தபடி நடத்துகிறவருக்கு நூற்றுக்கு 5 கமிஷன், அதாவது 500 ரூபாய் கழித்து, மீதி 1,900-ஐ 20 பேருக்குப் பிரித்து, ஆளுக்கு 95 ரூபாய் என்று கணக்குப் போட்டிருந்தேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, உதட்டை அசைத்துக்கொண்டே இரண்டு நாள் படித்தார். மூன்றாவது நாள் புத்தகத்தைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தை விரித்து, சீட்டு நோட்டை வைப்பதுபோல என் எதிரே வைத்தார்.

"நான் எப்படி கமிஷன் வாங்குவேன் தெருக்காரங்ககிட்ட? முதல் சீட்டைத் தள்ளாம நான் எடுத்துப்பேன், அவ்ளோதான். ஆளுக்கு 120 ரூபா வரும். மாத்து."

அடுத்த பதிப்பில் மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறேன். முதல் பதிப்பே இன்னும் கட்டுக் கட்டாகக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.